ஊசி லேஸா, பாபின் லேஸா: முதலில் எதைக் கற்கலாம்?

கையால் லேஸ் செய்யப் பழக ஆசைப்படுகிறவர்களுக்கு முதலில் வரும் குழப்பம் இதுதான். நான் ஊசி லேஸ் பக்கம். அதற்காக பாபின் லேஸ் மட்டம் என்று சொல்ல மாட்டேன்.

பாபின் லேஸில் நூல்கள் ஏராளம். ஒவ்வொரு நூலும் பாபின் எனும் ஒரு சின்ன மரக்கட்டையில் சுற்றியிருக்கும். தலையணைமேல் குத்திய குண்டூசிகளை ஒட்டி, கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்ன வேண்டும். சடை பின்னிய கைக்குச் சீக்கிரம் பிடிபடும். தப்புப் போட்டால் வந்த வழியே பிரித்துவிடலாம். நீளமான கரை வேண்டுமென்றால் வேகமும் இதில்தான். 19ஆம் நூற்றாண்டில் நாகர்கோவில் பக்கம் மிஷனரி குடும்பத்துப் பெண்கள் சொல்லிக்கொடுத்ததும் இந்த லேஸைத்தான். ஆனால் தலையணை, குண்டூசிகள், ஜோடி ஜோடியாகக் கட்டைகள் எல்லாம் சேர்ந்த பிறகுதான் முதல் பின்னலே போட முடியும்.

ஊசி லேஸுக்கு ஒரு ஊசி, ஒரு நூல் போதும். தையல்காரர் காஜா எடுக்கும் தையலேதான், ஆனால் கீழே துணி கிடையாது. 16ஆம் நூற்றாண்டு வெனிஸில் இதை ‘புந்தோ இன் ஆரியா’, அதாவது காற்றில் தையல் என்றார்கள். தடித்த தாளில் வரைந்த படத்தை இரண்டு மடிப்புத் துணிமேல் வைத்து, கோடு நெடுக நூலைப் படுக்கவிட்டு, சின்னச் சின்னத் தையலால் பிடித்துக்கொள்வார்கள். உள்ளே நிரப்பும் தையல் அந்தக் கோட்டு நூலை மட்டுமே பற்றும், தாளைத் தொடாது. கடைசியில் இரண்டு துணிக்கும் நடுவே பிளேடை விட்டுப் பிடிப்புத் தையலை அறுத்தால் லேஸ் தனியே கழன்று வரும். நாள்கணக்காகக் குனிந்து தைத்தது சருகு மாதிரி கைக்கு வரும் அந்த நிமிடத்துக்காகவே இதைக் கற்கலாம்.

சரி, பொறுமை? அதுதான் பெரிய தடை. வெனிஸ் லேஸுக்குப் பணம் கரைவதைப் பார்த்து, பிரெஞ்சு மன்னர் 14ஆம் லூயியின் அமைச்சர் கோல்பேர் 1665இல் பிரான்சிலேயே பட்டறைகளுக்கு ஏற்பாடு செய்தார். அப்படி அலன்சோன் என்ற ஊரில் வளர்ந்த ஊசி லேஸை யுனெஸ்கோ 2010இல் பண்பாட்டு மரபாகப் பட்டியலிட்டது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏழு மணி நேரம் பிடிக்கும் வேலை அது. ஓரம் விறைப்பாக நிற்க உள்ளே குதிரை முடி வைத்துத் தைப்பார்கள். வெனிஸ் அருகே புரானோ தீவில் கலை அழியும் நிலைக்கே போனது. 1872இல் பள்ளி தொடங்க, பழைய தையல் தெரிந்த செஞ்சா ஸ்கார்பரியோலா என்ற மூதாட்டியைத்தான் நம்ப வேண்டியிருந்தது.

பழைய லேஸ் கைக்குக் கிடைத்தால் பூதக்கண்ணாடி வைத்துப் பூவிதழைப் பாருங்கள். நூல்கள் மேலும் கீழுமாக நெசவு போல் ஓடினால் பாபின். வரிசை வரிசையாகக் கண்ணிகள் தெரிந்தால் ஊசி. நாலு இதழ் காஜா தையலில் நிரப்பிப் பார்த்த கண்ணுக்கு இந்த வேறுபாடு சட்டென்று தெரியும். நான் ஊசி பக்கம் நிற்க முக்கியக் காரணம் இதுதான்.

முதல் முயற்சிக்கு மூன்று சென்டிமீட்டர் இலை ஒன்று போதும். நூல் கொஞ்சம் தடிமனாகவே இருக்கட்டும். அப்புறம், நிரப்பும்போது முனை மழுங்கிய ஊசியை எடுங்கள். கூர் ஊசி நூலையே பிளந்துவிடும்.