பொறி பிடிக்கும் பூஞ்சை: குளம்புக் காளானா, சாகாவா?

வட ஐரோப்பியக் காடுகளில் சிக்கிமுக்கிக் கல்லால் தீ மூட்டப் பழகுவோர், பிர்ச் மரத்தில் வளரும் இவ்விரு பூஞ்சைகளில் எதைத் தேடுவது என்று தயங்குகின்றனர்.

தயாரிப்பு:
குளம்புக் காளானின் கடினமான மேலோட்டைச் சீவி, அதன் அடியிலுள்ள பழுப்புநிறப் படலத்தை மட்டும் மெல்லிய துண்டுகளாக அறுத்து, சாம்பல் நீரில் வேகவைத்து, பதனிட்ட தோல்போல் மெத்தென்று ஆகும்வரை மரச்சுத்தியலால் தட்டி உலர்த்த வேண்டும். பொறுமையைக் கோரும் வேலை, ஆகவே தட்டுவதில் அவசரம் காட்டக் கூடாது.
சாகாவின் கரிய மேற்புறத்தை நீக்கி, செம்பழுப்பு உட்பகுதியை நன்கு உலர்த்தினாலே போதும்.

கையாளுதல்:
பதப்படுத்திய காளான் வளையும், மடிக்கலாம். 1991இல் ஆல்ப்ஸ் பனியில் கண்டெடுக்கப்பட்ட, சுமார் 5,300 ஆண்டுகள் பழைமையான மனிதர் பையில் வைத்திருந்ததும் இதுவே.
சாகா எளிதில் உதிரும். ஆனால் கட்டியாக எரியூட்டினால் கனல் நெடுநேரம் நீடிக்கும்.

நெடும்பயணத்துக்கு முன்கூட்டியே ஆயத்தம் செய்பவர்களுக்குக் குளம்புக் காளானையும், உலர்த்த மட்டுமே நேரமுள்ளவர்களுக்குச் சாகாவையும் பரிந்துரைப்பேன். இரண்டும் கனலுமே தவிரச் சுடர்விடா. ஆகவே, காய்ந்த புல்லில் பொதிந்து ஊத வேண்டும்.