பின் ஆக்சில் முனகல்: பழைய டிஃபரன்ஷியலை வாங்கி மாட்டுவதா, உள்ளதைப் பிரிப்பதா?

ஆயில் மாற்றப் போய்த்தான் எல்லாம் தொடங்கியது. தர்மபுரியில் ஒரு தரகரிடம் 2014 மாடல் டீசல் எஸ்யூவி ஒன்றை வாங்கினேன். ஏழு இருக்கை, பின்சக்கர இழுவை, ஓடியது 1,32,000 கிலோமீட்டர். வாங்குவதற்கு முன் நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லை. பழைய வண்டி கைக்கு வந்தால் முதல் வேலையாக எல்லா ஆயிலையும் மாற்றிவிடுவது என் வழக்கம். பின் ஆக்சிலின் நடுவில் உருண்டையாகத் தெரியும் பல்சக்கரப் பெட்டிதான் டிஃபரன்ஷியல்; இன்ஜின் இழுவையை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுப்பது அது. அதன் அடி மூடியைக் கழற்றியபோது வெல்லப்பாகு போலக் கெட்டியாக ஒன்று வழிந்தது. கையேட்டில் சொன்ன 80டபிள்யூ-90 ஆயிலை ஊற்றிக்கொண்டு கிளம்பினேன். காரிமங்கலத்தில் இருக்கும் வீட்டை அடைவதற்குள் பின் இருக்கைக்கு அடியில் யாரோ மாவாட்டுவது போல ஒரு முனகல். இரண்டு நாள் புது ஆயிலைத் திட்டித் தீர்த்தேன். அதன் பிறகுதான் உறைத்தது: சத்தம் முன்பே இருந்திருக்கிறது, கெட்டி ஆயில் அதன் வாயைப் பொத்தி வைத்திருக்கிறது.

விசாரித்த இடத்திலெல்லாம் மூன்று வழி சொன்னார்கள். உடைப்புக்குப் போன வண்டியிலிருந்து டிஃபரன்ஷியலை முழுதாக வாங்கி மாட்டுவது ஒன்று. இருப்பதைப் பிரித்து, பேரிங்குகளையும் ஆயில் கசியாமல் தடுக்கும் சீலையும் மட்டும் மாற்றுவது இன்னொன்று. அதற்குள் இருக்கும் கிரவுன் (பெரிய பல்சக்கரம்), பினியன் (அதைச் சுழற்றும் சிறிய பல்சக்கரம்) இரண்டையும் புதிதாகவே போடுவது மூன்றாவது. நான் இரண்டாவது வழியில் போனேன். என் சாய்வு அந்தப் பக்கம்தான் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் எந்த வழியில் போவதானாலும் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் தெரிய வேண்டும். இதில்தான் பலர் காசை விடுகிறார்கள். டயரா என்பதை அறிவது எளிது: புதுத் தார் சாலையிலும் சொரசொரப்பான பழைய சாலையிலும் சத்தத்தின் சுருதி மாறினால் பெரும்பாலும் டயர்தான். வளைவில் ஒரு பக்கம் பாரம் சாயும்போது சத்தம் கூடி, மறுபக்கம் சாயும்போது குறைந்தால் வீல் பேரிங்கைப் பார்க்க வேண்டும். ரிவர்ஸ் போட்டுக் கிளட்சை விடும்போதும், ஆக்சிலரேட்டரை விட்டு மறுபடி மிதிக்கும்போதும் ‘டொக்’ என்று ஓர் அடி விழுந்தால், முதலில் கியர்பாக்ஸிலிருந்து டிஃபரன்ஷியலுக்குச் செல்லும் தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸை, அதாவது அதன் முனை மூட்டில் உள்ள சிலுவையைப் பிடியுங்கள். குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் தரை அதிர்ந்தால் ஷாஃப்ட்டின் பேலன்ஸ் போயிருக்கலாம்.

என் வண்டியில் ‘டொக்’கும் இருந்தது. கிராஸைக் கழற்றியபோது ஒரு கிண்ணத்துக்குள் ஊசி பேரிங்குகள் இருந்த இடத்தில் செங்கல் பொடி போலத் துரு மட்டுமே கொட்டியது. சிலுவையின் அந்தக் காலில் ஊசிகள் பதிந்த வரிகள் நகத்தில் தட்டுப்பட்டன. இரண்டு கிராஸையும் மாற்றினோம். இந்த இடத்தில் ஒரு சொல்: ஷாஃப்ட்டைக் கழற்றுவதற்கு முன் இரு துண்டுகளும் சேரும் இடத்தில் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். இரு முனைக் கவைகளும் ஒரே நேர்கோட்டில் திரும்பச் சேராவிட்டால், இல்லாத அதிர்வை நீங்களே உண்டாக்கியவர் ஆவீர்கள். ‘டொக்’ ஒழிந்தது. முனகல் அப்படியே இருந்தது.

முனகலைத் துரத்த நம் ஊர்ச் சாலைகளே போதும். காரிமங்கலத்துக்கும் காவேரிப்பட்டணத்துக்கும் இடையே சமதளமான ஓரிடத்தில், பின்னால் வண்டி வராத நேரம் பார்த்து, 70-இல் போகும்போது நியூட்ரலுக்கு மாற்றினேன். இன்ஜின் அடங்கியது, முனகல் அடங்கவில்லை. ஆக, பெரும்பாலும் கியர்பாக்ஸைத் தாண்டித்தான் ஏதோ. (இந்தச் சோதனையைச் சேலம் போகும் வழியில் உள்ள தொப்பூர் மலை இறக்கத்தில் செய்யாதீர்கள். அங்கே நியூட்ரலில் விட்டவர்களின் கதை ஊருக்கே தெரியும்.) தொப்பூரில் செய்ய வேண்டியது வேறு. சேலம் நோக்கி மூன்றாவது கியரில் இறங்கும்போது சக்கரம் இன்ஜினைத் தள்ளுகிறது. திரும்பி ஏறும்போது இன்ஜின் சக்கரத்தைத் தள்ளுகிறது. பினியன் பல்லின் இரண்டு முகங்களையும் அந்த ஒரே சாலை சோதித்துவிடும். பல் தேய்ந்திருந்தால் ஊளை ஒரு திசையில் கூர்மையாக எழும், மறு திசையில் காணாமல் போகும். எனக்கு இரண்டிலும் இருந்தது. ஏறும்போது சற்றுத் தடிப்பாக, இறங்கும்போது சற்று மெலிவாக.

அடுத்தது வேகக் கணக்கு. என் டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2.3 மீட்டர். 60 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்கு ஏழு சுற்றுச் சுற்றும். ஷாஃப்ட் அதைப்போல நான்கு மடங்குக்கு மேல், அதாவது முப்பதை ஒட்டிச் சுற்றும். சக்கரத்தோடு சுற்றும் பேரிங் என்றால் ‘கட... கட...’ என்று எண்ணிவிடலாம் போலிருக்கும். ஷாஃப்ட்டோடு சுற்றுவது என்றால் இழைந்த முனகலாகிவிடும். நான் கேட்டது இழைந்த முனகல். கடைசியாக, ஷாஃப்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு, பினியன் முனையில் ஷாஃப்ட் பூட்டும் தட்டான ஃபிளாஞ்சைக் கையால் மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தேன். அசைந்தது. சுழலும் திசையில் கொஞ்சம் ஆட்டம் இருப்பது இயல்பு. மேலும் கீழும் அசையவே கூடாது. பினியன் பேரிங்.

இனி ஒப்பீட்டுக்கு வருகிறேன். புதுக் கிரவுன், பினியனை ஒரே பத்தியில் முடித்துவிடலாம். இரண்டும் ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தப்பட்டு வரும் ஜோடி. ஒன்றை மட்டும் மாற்றவே கூடாது. பல் உடைந்திருந்தாலோ முகத்தில் குழி விழுந்திருந்தாலோ வேறு வழியில்லை, வாங்கித்தான் ஆக வேண்டும். பல் நன்றாக இருக்கும்போது அந்தச் செலவு வீண்.

முழு டிஃபரன்ஷியலையும் பழையதாக வாங்குவதில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். கம்பெனியில் வைத்த அளவு கலையாமல் வரும். காலையில் வண்டியை விட்டால் மாலையில் எடுத்துக்கொள்ளலாம். ஓசூரில் இருக்கும் என் மைத்துனர் அப்படித்தான் செய்தார். மூன்று ஆண்டாகச் சத்தமில்லாமல் ஓட்டுகிறார், என்னைப் பார்க்கும்போதெல்லாம் அதைச் சொல்லவும் தவறுவதில்லை. எனக்குச் சொன்ன விலை 18,000 ரூபாய். போய்ப் பார்த்தேன். ஆயில் இல்லாமல் எத்தனை மழைக்காலம் கிடந்ததோ, பற்களின் மேல் மெல்லிய துரு படர்ந்திருந்தது. பினியனைச் சுற்றிப் பார்த்தால் ஆட்டமில்லை. ஆனால் பாரம் ஏறாமல் அது எப்படிக் கத்தும் என்று காது சொல்லாது. மாட்டி ஓட்டினால்தான் தெரியும். கத்தினால் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்றேன். கடைக்காரர் சிரித்தார்.

இன்னொன்று, பல் எண்ணிக்கை. ஒரே மாடலிலேயே இன்ஜினுக்கும் ஆண்டுக்கும் ஏற்ப விகிதம் மாறும். என்னுடையதில் கிரவுனுக்கு 41 பல், பினியனுக்கு 10. அங்கே கிடந்ததில் எண்ணினால் 43-க்கு 11. பின்சக்கர இழுவை வண்டியில் இதனால் இழுவையும், சில வண்டிகளில் ஸ்பீடாமீட்டர் கணக்கும் மாறும், அதோடு போகும். நான்கு சக்கர இழுவை வண்டியில் முன்னும் பின்னும் வேறு விகிதமானால் இரு ஆக்சிலுக்கும் இழுவையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸையே முறுக்கிவிடும். அந்த வகை வண்டியை நான் நீண்ட நாள் வைத்திருந்ததில்லை. ஆனாலும் பல்லை எண்ணாமல் யாரும் வாங்க வேண்டாம் என்று மட்டும் துணிந்து சொல்வேன்.

உள்ளதைப் பிரிப்பதில் எல்லாம் ஒரே ஒரு விஷயத்தில் போய் நிற்கிறது: அளவு வைக்கிற கை. பினியன் எவ்வளவு ஆழத்தில் உட்கார வேண்டும் என்பதை அதன் பேரிங்குக்கு அடியில் உள்ள ஷிம் என்னும் மெல்லிய தகடு முடிவு செய்கிறது. பேரிங்கின் இறுக்கத்தை நசுங்கும் ஸ்லீவும் நட்டும் முடிவு செய்கின்றன. அந்த ஸ்லீவ் ஒருமுறை நசுங்கினால் அவ்வளவுதான், மறுபடி போடக் கூடாது. கிரவுனுக்கும் பினியனுக்கும் இடையே உள்ள இடைவெளியைப் பக்கவாட்டுப் பேரிங்குகளின் ஷிம்கள் முடிவு செய்கின்றன. இந்த வகை ஆக்சில்களில் அந்த இடைவெளி பொதுவாக 0.10 முதல் 0.20 மில்லிமீட்டருக்குள் அடங்கும். உங்கள் வண்டியின் கையேடு என்ன சொல்கிறதோ அதுதான் கணக்கு. ஒரு தாளின் தடிமனை வைத்துக்கொண்டு ஆடும் விளையாட்டு இது. பேரிங் எவ்வளவு உயர்ந்த ரகமாக இருந்தாலும் இதில் தவறினால் பழைய முனகல் போய்ப் புது ஊளை வந்துவிடும்.

முதலில் போன பட்டறையில் இந்த இடைவெளியை அளக்கும் டயல் கேஜ் இருக்கிறதா என்று கேட்டேன். “கையால் ஆட்டிப் பார்த்தே சொல்லிவிடுவேன் அண்ணா” என்றார் இளைஞர். நல்ல பையன், கிராஸ் மாற்றியதும் அவர்தான். இந்த வேலையைக் கொடுக்க மனம் வரவில்லை. இரண்டு வாரம் தேடிக் கிருஷ்ணகிரியில் ஒரு பெரியவரைப் பிடித்தேன். வாழ்நாளெல்லாம் லாரி ஆக்சில் பார்த்தவர். டயல் கேஜைப் பவுடர் டப்பாவில் துணி சுற்றி வைத்திருந்தார். பிரித்ததும் பற்களைத் துடைத்து வெயிலில் காட்டினார்: “பல்லுக்கு ஒன்றும் இல்லை தம்பி. பேரிங்கைப் பார்.” உள் பேரிங்கின் உருளைகள் மேல் சாம்பல் நிறத்தில் அம்மைத் தழும்பு போலப் புள்ளிகள். பழைய ஷிம்களை இடம், வலம், பினியன் என்று எழுதித் தனித்தனிக் காகிதத்தில் மடித்து வைத்தார். பிறகு சீல், ஸ்லீவ், நான்கு பேரிங்கும் வாங்கி வரச் சொன்னார்.

முதலில் பூட்டியபோது கேஜ் 0.25 காட்டியது. பக்க ஷிம்மை மாற்றி மாற்றி 0.15-க்குக் கொண்டுவரப் பிற்பகல் முழுவதும் போனது. பற்கள் எங்கே தொடுகின்றன என்று பார்க்க, அவற்றில் மஞ்சள் பசையைப் பூசிச் சுற்றினார். பல்லின் நடுவில், நுனியையும் அடியையும் தொடாமல், முட்டை வடிவில் பசை விலகியிருந்தது. “இது போதும்” என்று கையைத் துடைத்துக்கொண்டார். பேரிங், சீல், ஸ்லீவ், கூலி, ஆயில் எல்லாம் சேர்த்து 14,500 ரூபாய். பழையதற்கும் இதற்கும் பண வித்தியாசம் பெரிதில்லை. எனக்குப் போனது பதினேழு நாள். தினமும் வண்டியை நம்பிப் பிழைப்பவருக்கு மைத்துனரின் வழியே சரியாக இருக்கலாம், அவருக்கு வாய்த்தது போல வாய்த்தால். டயல் கேஜ் வைத்திருப்பவர் கிடைக்காத ஊரிலும் அப்படியே.

இதுவரை ஓடியது 7,000 கிலோமீட்டர்தான். அடுத்த ஐம்பதாயிரத்துக்கு நான் சாட்சி சொல்ல முடியாது. தொப்பூர் இறக்கத்தில் 72-ஐ ஒட்டிக் காலை எடுக்கும்போது மட்டும் கொசு போல ஒரு ரீங்காரம் கேட்கிறது. பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்பதில்லை, எனக்குக் கேட்கிறது. ஆயிரம் கிலோமீட்டரில் ஆயிலை மாற்றச் சொல்லியிருந்தார், போனேன். அடி மூடியின் காந்தத்தில் சாம்பல் நிறக் களிம்பு ஒட்டியிருந்தது. பெரியவர் அதை இரண்டு விரலுக்கு இடையில் வைத்து நசுக்கி, செதில் ஏதும் தட்டுப்படுகிறதா என்று கண்ணை மூடித் தேய்த்துப் பார்த்தார். பிறகு விரலைப் பழைய செய்தித்தாளில் துடைத்துவிட்டு மூடியை முடுக்கினார்.