பாண்டா, மேளமா, பப்பரேயா: நடந்துகொண்டே வாசிக்க எதைப் பழகலாம்?

அண்ணன் மகன் இந்த ஆண்டு தரம் 7. பாடசாலைப் பாண்ட் வாத்தியக் குழுவுக்கு ஆள் சேர்க்கிறார்கள் என்று ஓடிவந்தான். "கோயில் மேளம் பழகட்டும், அதுதான் நம்முடையது" என்றார் அம்மா. அவனுடைய மனமோ கிரிக்கெட் மைதானத்தில் ட்ரம்பெட்டும் ட்ரம்முமாகக் கூட்டத்தை ஆடவைக்கும் பப்பரேயில் இருக்கிறது. "சித்தப்பா, நீங்களே சொல்லுங்கள்" என்று என் முன்னால் வந்து நின்றான். பத்து வயதில் சைட் ட்ரம்மைத் தோளில் மாட்டியவன் நான். இன்றைக்கும் கொழும்பின் காலி வீதிப் பக்கம் பேஸ் ட்ரம் சத்தம் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்குப் போகிறேன். ஆனாலும் அவனுக்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை.

பாண்ட் இசை காலில் தொடங்குகிறது. விரைவு நடை என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 120 அடிகள், அதாவது நொடிக்கு இரண்டு. பேஸ் ட்ரம்மின் முதல் அடியில் இடது கால் தரையில் இருக்க வேண்டும். ஒரு விளையாட்டுப் போட்டியில் பேஸ் ட்ரம் என் கைக்கு வந்தது. பதற்றத்தில் வேகத்தைக் கூட்டிவிட்டேன். பின்வரிசைச் சிறுவர்கள் ஓட்டமும் நடையுமாக வந்தார்கள். கிளாரினெட் வாசித்தவனுக்கு மூச்சு முட்டியது. நாற்பது பேருடைய கால்கள் என் ஒரு கையில் இருந்தன என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

பிறகு ட்ரம்பெட்டுக்கு மாறினேன். அதில் இருப்பவை மூன்று வால்வுகள்தான். ஒரே வால்வை அழுத்தியபடியே, உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் பல சுரங்களை எடுக்க வேண்டும். முதல் சில வாரங்கள் எங்கள் ஆசிரியர் குழலையே தரவில்லை. வாயில் வைக்கும் சிறு துண்டை மட்டும் கொடுத்து, ஊதிக்கொண்டே மைதானத்தைச் சுற்றச் சொன்னார். குதிகாலை முதலில் வைத்து, பாதத்தை மெல்ல உருட்டி நடந்தால்தான் தலை குலுங்காது. தலை குலுங்கினால் அந்த உலோகம் பல்லில் இடிக்கும். பயிற்சி முடிந்து வீடு திரும்பும்போது உதட்டில் வட்டமாக ஒரு சிவப்புத் தடம் இருக்கும். அதை யாராவது பார்த்துக் கேட்கமாட்டார்களா என்று ஆசையாக இருக்கும்.

இனி மேளம், அதாவது நாதஸ்வரமும் தவிலும். கொழும்பின் ஆடி வேல் விழாவில் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்குத் தேர் வரும்போது, நாதஸ்வரக்காரருக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் நடந்து பாருங்கள். வாயில் வைத்து ஊதும் சீவாளிகள் மாற்றுக்காக நூலில் கட்டித் தொங்கும். ஒன்று காய்ந்துவிட்டால் அவர் இன்னொன்றை எச்சிலில் நனைத்துப் பொருத்துவார். அதற்குள் உடன் வாசிப்பவர் சுரத்தைப் பிடித்துக்கொள்வார். தவில்காரரின் வலக்கை விரல்களில் பசையும் துணியும் சேர்த்து இறுக்கிய கூடுகள், இடக்கையில் கழி. இவ்வளவு கனமான வாத்தியத்தைத் தோளில் சுமந்துகொண்டு மூன்று காலங்களிலும், அதாவது மூன்று வேகங்களிலும், சொற்கட்டு வாசிக்கிறார்கள்.

சுவாமி புறப்பாட்டுக்கு வாசிப்பது மல்லாரி. அதற்குச் சாகித்தியம் கிடையாது. பாண்டின் மார்ச் இசைக்கும் பாடல் வரிகள் தேவையில்லை. இரண்டுமே திறந்தவெளிக்கும் நடைக்கும் என்று பிறந்தவை. மல்லாரி பெரும்பாலும் கம்பீர நாட்டை ராகத்தில் இருக்கும். தேர் மல்லாரி, தீர்த்த மல்லாரி, தளிகை மல்லாரி என்று சடங்குக்கு ஏற்ப மாறும். ஆனால் மேளம் யாருடைய காலையும் எண்ணுவதில்லை. நாற்சந்தியில் சுவாமி நின்றுவிடும். ஊர்வலம் முழுவதும் நிற்கும். தவில் மட்டும் பேசும். பாண்டில் நான் ஏங்கியது இந்த நிற்றலுக்குத்தான். கமகமும் அப்படியே. நாதஸ்வரத்தின் ஏழு விரல் துளைகளைப் பாதி மூடிப் பாதி திறந்து சுரத்தை அசைக்கலாம். ட்ரம்பெட்டின் வால்வு அதற்கு இடம் தராது.

இசையின் ஆழத்தைக் கேட்டால் மேளத்துக்கு முன்னால் பாண்டை வைக்க நான் துணியமாட்டேன். தவில் மேதை தட்சிணாமூர்த்தியையும் நாதஸ்வர மேதை அளவெட்டி பத்மநாதனையும் தந்த நாடு இது. ஆனால் அந்தக் கலை பிள்ளையை முழுதாகக் கேட்கிறது. குருவின் அருகில் பல ஆண்டுகள், விடியற்காலைச் சாதகம், திருவிழாக் காலத்தில் கோயில் கோயிலாக அலைச்சல். வெள்ளவத்தை அடுக்குமாடி வீட்டில், இரண்டு டியூஷன் வகுப்புகளுக்கு நடுவே தவில் பழக முயன்ற ஒரு பிள்ளையை எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டார் முறையிட்டே அதை நிறுத்திவிட்டார்கள். எனக்கு இன்னும் அது வலிக்கிறது.

பப்பரேயைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. 1879இல் தொடங்கிய ரோயல் – சென் தோமஸ் கல்லூரிகளின் கிரிக்கெட் போட்டிக்குக் கொழும்பு எஸ்.எஸ்.சி. மைதானத்தில் போய் உட்கார்ந்தவர்களுக்கு அது தெரியும்: இரண்டு மூன்று ட்ரம்பெட், ட்ரம், சிம்பல், பைலாத் தாளம். ஆடாதவர் யாரும் இல்லை. எனக்கும் அது மிகவும் பிடிக்கும். ஆனால் பழகத் தொடங்குகிறவனுக்கு ஆகாது. கூட்டத்துச் சத்தத்தை மீற வேண்டும் என்று கன்னத்தை உப்பி ஊதுவான். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் மேல் சுரங்கள் கடைசிவரை எட்டாது. உதடு தேறிய பிறகு பப்பரேக்குப் போனால் அது விருந்து.

ஆகவே பாண்டில் சேரச் சொன்னேன். வாத்தியத்தைப் பாடசாலையே தரும் என்பது ஒரு வசதி. அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, பழகத் தொடங்கிய பிள்ளைக்கும் அங்கே வரிசையில் இடம் இருப்பது. மூன்றாம் ட்ரம்பெட் பிடிப்பவனுக்கு ஒரு மார்ச்சில் ஐந்தாறு சுரங்கள்தான் இருக்கும். அவற்றை அவன் விட்டுவிட்டால் மேலே போகிற மெட்டு மெலிந்துவிடும். பன்னிரண்டு வயதில் அப்படி ஒரு பொறுப்பு வேறெங்கே கிடைக்கும்?

அம்மாவுக்குக் கொஞ்சம் மனவருத்தம். ஆடி வேலுக்கு அவனைக் கூட்டிக்கொண்டுபோய் மேளத்தின் பக்கத்திலேயே நடக்கவைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். நேற்று மாலை அவன் பால்கனியில் நின்று அந்தச் சிறு உலோகத் துண்டை ஊதிக்கொண்டிருந்தான். காற்று மட்டும்தான் வந்தது. ஏழெட்டு முறைக்குப் பிறகு ஒரு சுரம், கரகரப்பாக, ஒரு நொடி. அடுக்களையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார்.