மூளைக்கு சி.டி.யா, எம்.ஆர்.ஐ.யா?

டாக்டர் சி.டி. ஸ்கேன் எழுதிக் கொடுத்தால், "எம்.ஆர்.ஐ.யே எடுத்துடலாமே, அதுலதானே எல்லாம் தெரியும்?" என்று கேட்காத வீடு குறைவு. காசு கூட என்றால் படமும் மேல் என்று ஒரு கணக்கு. பக்கவாதத்தில் அந்தக் கணக்கு அடி வாங்கும்.

வாய் கோணி, ஒரு பக்கம் கை கால் விழுந்து வருபவருக்கு, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட வழக்கமான கெடு, அறிகுறி தொடங்கியதிலிருந்து 4½ மணி நேரம். ஆனால் உள்ளே ரத்தம் கசிந்திருந்தால் அந்த ஊசியே ஆளைக் கொன்றுவிடும். சி.டி.யில் புது ரத்தம் வெள்ளையாகப் பளிச்சிடும். சில நிமிடத்தில் விடை. எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் 20, 30 நிமிடம் அசையாமல் கிடக்க அவரால் ஆகாது. அதற்காக 'சி.டி. நார்மல்' என்றதும் நிம்மதியாக வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். அடைப்பால் வந்த பக்கவாதம் முதல் சில மணி நேரம் சி.டி.யில் தெரியாமலே போகலாம். எம்.ஆர்.ஐ.யில் எடுக்கும் டிஃப்யூஷன் என்ற வகைப் படம் அதைச் சீக்கிரமே காட்டிவிடும். ராத்திரி நன்றாகப் படுத்தவர் காலையில் கை வராமல் எழுந்தால், எப்போது வந்தது என்று ஊகிக்கவும் எம்.ஆர்.ஐ. கைகொடுக்கும்.

வலிப்பில் என் ஓட்டு எம்.ஆர்.ஐ.க்குத்தான். சி.டி.யில் தெரியும் சிறு வளையத்தை ஒரு காலத்தில் நம் நாட்டில் காசநோய்க் கட்டி என்றே எண்ணி மாத்திரை கொடுத்தார்கள். பலருக்கு அது நாடாப்புழுவின் முட்டையிலிருந்து வந்த கொப்புளம் என்று திசுவை எடுத்துப் பார்த்துக் காட்டியதில் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களுக்குப் பெரிய பங்குண்டு. கொப்புளத்துக்குள் புள்ளியாக இருக்கும் புழுவின் தலை எம்.ஆர்.ஐ.யில் தெளிவாகத் தெரியும். புழு செத்துச் சுண்ணாம்பாகிவிட்டால் மட்டும் சி.டி. முந்திக்கொள்ளும்.

மூளையின் நெற்றிப்பொட்டுப் பக்க மடலில் ஹிப்போகேம்பஸ் என்ற நினைவுப் பகுதி சுருங்கியதால் வரும் வலிப்புக்கு சி.டி. பெரும்பாலும் வீண். எம்.ஆர்.ஐ.யிலும் அந்த இடத்தை மெல்லிய துண்டுகளாக எடுத்தால்தான் பிடிபடும். சீட்டில் வெறும் 'தலைவலி' என்றிருந்தால் அப்படி எடுக்கமாட்டார்கள். 'வலிப்பு' என்று எழுதியிருக்கிறதா பாருங்கள்.

நரம்பிழைகளின் மேலுறை சிதையும் மல்டிபிள் ஸ்க்ளெரோசிஸ் நோய் சந்தேகமா? பேச்சே வேண்டாம், எம்.ஆர்.ஐ. கை நடுங்கும் பார்க்கின்சன் நோய்க்கோ இரண்டுமே நார்மலாக வரலாம். அங்கே டாக்டர் நோயாளியின் கையை அசைத்துப் பார்ப்பதும் நடக்கவிட்டுப் பார்ப்பதும்தான் சோதனை.

கதிர்வீச்சு சி.டி.யில் உண்டு, எம்.ஆர்.ஐ.யில் இல்லை. எம்.ஆர்.ஐ.யின் தொல்லை காந்தம். இதயத் துடிப்புக்காக உடலுக்குள் வைக்கும் பேஸ்மேக்கர் இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தாலித் தங்கத்தைக் காந்தம் இழுக்காது; அதில் நம் அம்மாக்கள் கோத்து வைத்திருக்கும் ஊக்கை இழுக்கும்.