ஏழு வருஷமா கழுத்துல கிடக்கற 8×42 பைனாகுலர்

கூட வேலை பாக்கறவர் ஒருத்தர் கேட்டார், உங்க மாடல் இப்ப ஆன்லைன்ல ரெண்டாயிரம் குறைஞ்சிருக்கு சார், வாங்கிடட்டுமான்னு. என்னோடது அன்னிக்குதான் ரிப்பேர்லருந்து வந்திருந்துச்சு, அந்தக் கடுப்புல வேணாம்னு சட்டுனு சொல்லிட்டேன். அப்புறம் மனசு கேக்கல, அதான் விவரமா எழுதறேன்.

என் பிரச்சனை ஒன்னே ஒன்னு, வலது கண் பக்கம் இருக்கற டையாப்டர் ரிங். ரெண்டு கண்ணுக்கும் பவர் ஒரே மாதிரி இருக்காதில்ல, அதுக்குதான் அது. வலது கண்ண மூடிகிட்டு நடு வீல்ல இடது கண்ணுக்கு ஃபோகஸ் வெக்கணும், அப்புறம் இடது கண்ண மூடிகிட்டு ரிங்க திருப்பி வலது கண்ணுக்கு சரி பண்ணணும், ஒருதடவ வெச்சா அதோட தொடவே கூடாது. என்னோடதுல அது நிக்கவே நிக்காது. சட்டை பட்டன்ல உரசினா நகந்துடும், பைக்ல போனா நகந்துடும்.

2021 நவம்பர்ல பாலாறு ரெண்டு கரையும் தொட்டு ஓடுச்சே, அந்த வருஷம் காவேரிப்பாக்கம் ஏரில கடல் மாதிரி தண்ணி. அடுத்த பொங்கல் பறவை கணக்கெடுப்புக்கு விடியக்காலைலயே கரைல போய் நின்னேன், ஊசிவால் வாத்துங்க கூட்டமா மிதந்துகிட்டு இருந்துச்சு, திடீர்னு அத்தனையும் எழும்பிடுச்சு, கோரைக்கு மேல தாழ்வா ஒரு சேத்துப் பூனைப்பருந்து வருது, பைனாகுலர தூக்கினா ஒரு கண்ணுல தெளிவு, இன்னொரு கண்ணுல ஒரே புகை. ரிங்க திருப்பி முடிக்கறதுக்குள்ள அது கரையத் தாண்டிப் போயிடுச்சு. இன்னும் ஆறல எனக்கு.

டேப் சுத்திப் பாத்தேன், வேலூர் வெயில்ல பசை இளகி கைல ஒட்டுச்சு. கடைசில பழைய சைக்கிள் டியூப்ல ஒரு விரக்கடை அகலத்துக்கு வளையமா வெட்டி மாட்டினேன், இப்ப ஓரளவுக்கு நிக்குது. லென்ஸ்ல பூஞ்சை வந்தது என் தப்பு, ஐப்பசி மழைல நனைஞ்ச பையோட பீரோக்குள்ள வெச்சுட்டேன், சிலந்தி நூல் மாதிரி படர்ந்துடுச்சு. சென்னைல ஒரு கடைல 1,800 ரூபா வாங்கிட்டு சுத்தமா தொடச்சுக் குடுத்தாங்க. ரிங்க காட்டினா மட்டும் "இந்த மாடல்ல அது அப்படித்தான் சார் இருக்கும்"னுட்டாங்க. காசு குடுத்து வாங்கினவன்கிட்ட சொல்ற பதிலா அது?

ஆனா அந்தக் கண்ணாடி இருக்கே, அதப் பத்தி ஒரு குறை சொல்ல மாட்டேன். 8×42ல எட்டுங்கறது எத்தன மடங்கு பெரிசா காட்டும்ங்கறது, 42ங்கறது முன்னாடி லென்ஸோட அகலம் மில்லிமீட்டர்ல. 42ஐ எட்டால வகுத்தா அஞ்சேகால் மில்லிமீட்டர், அவ்ளோ அகலத்துக்கு வெளிச்சம் கண்ணுக்குள்ள வருது, சூரியன் வர்றதுக்கு முன்னாடியே கலர் பிரிஞ்சு தெரியும். புள்ளிமூக்கு வாத்தோட கருப்பு அலகு, அதோட நுனில மஞ்சள், அடில ரெண்டு செவப்புப் பொட்டு, அதுல ஒரு சொட்டு தண்ணி தொங்கறது வரைக்கும் பாத்திருக்கேன். கரைல ஆடு மேய்க்கற பெரியவர் "இன்னாபா தெரியுது அதுல"ன்னு வாங்கிப் பாத்தார், அஞ்சு நிமிஷம் கண்ண எடுக்கவே இல்ல. "தெனமும் பாக்கற வாத்துதான், இம்மாம் அழகா கீதே"ன்னார்.

இன்னொன்னும் சொல்லணும். எட்டு மடங்குன்னா முப்பது மீட்டர் தள்ளி இருக்கறது நாலு மீட்டர்ல இருக்கற மாதிரி தெரியும், கிட்ட போக வேண்டிய அவசியமே இல்ல. போன மாசம் ஒரு பாறைக் குன்றுல நாலு பேர் பெரிய லென்ஸ் கேமராவோட நின்னுகிட்டு, ப்ளூடூத் ஸ்பீக்கர்ல மஞ்சள்தொண்டை சின்னான் குரல திரும்பத் திரும்பப் போட்டாங்க. நம்ம தீபகற்பத்துப் பாறைக் குன்றுகள விட்டா உலகத்துல வேற எங்கயும் இல்லாத பறவை அது. வேற ஒரு சின்னான் நம்ம எடத்துக்குள்ள நுழைஞ்சுடுச்சுன்னு நெனச்சு, இரை தேடறத விட்டுட்டு புதருக்குப் புதர் பதறி ஓடுச்சு. வாய விட்டு சத்தம் போட்டேன், அவங்க கேக்கல. அந்த மஞ்சள் தொண்டைய நான் தூரத்துப் பாறைல உக்காந்தே பாத்துட்டுதான் இருந்தேன்.

ஆக சார், இந்த மாடல் வேணாம். ரெண்டாயிரம் இல்ல, நாலாயிரம் குறைஞ்சாலும் வேணாம். ரிங்குக்கு லாக் இருக்கறதா, உள்ள ஈரம் பூஞ்சை வராம நைட்ரஜன் வாயு அடைச்சதா பாத்து வாங்குங்க, காசு கூட ஆனாலும் பரவால்ல. நான் இத மாத்தறதா இல்ல. டியூப் லேசா வெடிச்சிருக்கு, ஞாயித்துக்கிழமை காவேரிப்பாக்கம் போறதுக்குள்ள புதுசா ஒன்னு வெட்டிப் போடணும், ஊசிவால் வந்துடுச்சாம்.