வலிப்போடு ஓடுவதற்கு முன், எங்கே ஓடுகிறீர்கள் என்று விசாரித்து வையுங்கள்

வீட்டில் யாருக்காவது வலிப்பு நோய் இருந்தால் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். போன மாதம் எங்களுக்கு நடந்தது.

என் மகளுக்கு ஒன்பது வயது, 24 கிலோ. நாலு வருடமாக ஃபிட்ஸுக்கு மாத்திரை சாப்பிடுகிறாள். எப்போதாவது வந்தாலும் ஒன்றரை நிமிடத்தில் தானாக நின்றுவிடும். அன்று ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு வந்தது நிற்கவே இல்லை. ஐந்து நிமிடம் தாண்டியதும் தூக்கிக்கொண்டு பக்கத்து நர்சிங் ஹோமுக்கு ஓடினோம். '24 மணி நேர அவசர சிகிச்சை' என்று வாசலில் பெரிதாக போர்டு.

முதலில் கேட்டது ஐயாயிரம் ரூபாய் அட்வான்ஸ். என் கணவர் கவுண்டரில் நிற்க, உள்ளே நர்ஸ் நரம்பு தேடிக்கொண்டிருந்தார். வெட்டி வெட்டி இழுக்கிற கையில் நரம்பு எப்படிக் கிடைக்கும்? இடது கையில் இரண்டு குத்து, வலது கையில் இரண்டு, பாதத்தில் ஒன்று. குத்திய இடமெல்லாம் பஞ்சும் பிளாஸ்டரும். ஒருவழியாக ஊசி ஏறியபோது மணி பத்தே கால். டியூட்டி டாக்டர் போட்டது, வலிப்பை நிறுத்தும் டயசெபம் 2 மில்லிகிராம். நிற்கவில்லை. இன்னொரு டோஸ் போடுங்கள் என்று கெஞ்சினேன். "அதிகமா போட்டா மூச்சு நின்னுடும்மா, முதல்ல சிடி ஸ்கேன் எடுத்துடலாம்" என்றார். அப்போது அவள் உதடு நீலமாக இருந்தது.

ஆட்டோ பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே யாரும் நரம்பு தேடவில்லை. ஆக்சிஜன் வைத்த கையோடு தொடைச் சதையில், டயசெபம் வகையைச் சேர்ந்த மிடாசோலம் ஊசி 5 மில்லிகிராம். சில நிமிடங்களில் உடம்பு தளர்ந்தது. அப்புறம் நிதானமாக நரம்பு எடுத்து, வலிப்பு திரும்ப வராமலிருக்க லெவெடிராசெட்டம் என்ற மருந்தை ஏற்றினார்கள்.

மறுநாள் வார்டு டாக்டர் உட்கார்ந்து விளக்கினார். ஐந்து நிமிடம் தாண்டினாலே மருந்து போட்டாக வேண்டுமாம். அரை மணி தாண்டினால் மூளைக்கே பாதிப்பு வரலாம். வலிப்பு நீள நீள, டயசெபம், மிடாசோலம் மாதிரி மருந்துகள் போய்ப் பிடிக்கிற இடங்கள் மூளை அணுக்களின் மேற்பரப்பிலிருந்து குறைந்துகொண்டே போகும். பத்தாவது நிமிடத்தில் கேட்கிற மருந்து நாற்பதாவது நிமிடத்தில் கேட்காது. அவள் எடைக்கு நரம்பில் டயசெபம் ஏறக்குறைய 5 மில்லிகிராம் வேண்டும். போட்டது பாதி கூட இல்லை. நரம்பு கிடைக்கவில்லையென்றால் சதையிலோ மூக்கிலோ மிடாசோலம் கொடுக்கலாம். அமெரிக்க ஆம்புலன்ஸ்களில் சோதித்து 2012-இல் வெளியிட்ட ஆய்வில், நரம்பில் லோராசெபம் என்ற அதே வகை மருந்தைப் போட்டவர்களைவிட சதையில் மிடாசோலம் போட்டவர்களுக்குத்தான் ஆஸ்பத்திரி சேருமுன் அதிகம் பேருக்கு வலிப்பு நின்றிருந்தது. மூச்சு நின்றுவிடும் என்ற பயம்? மூச்சைக் கவனிக்கத்தான் வேண்டும், ஆனால் நிற்காத வலிப்புதான் அதைவிடப் பெரிய ஆபத்து என்றார். சான் பிரான்சிஸ்கோவில் நடந்து 2001-இல் வெளியான ஆய்விலும் மருந்து போட்டவர்களைவிட, போடாதவர்களுக்குத்தான் மூச்சு, ரத்த ஓட்டச் சிக்கல்கள் அதிகம்.

என்னை இன்னும் அறுப்பது வேறொன்று. மூக்கில் அடிக்கிற மிடாசோலம் ஸ்ப்ரே என்று ஒன்று மருந்துக்கடையில், சீட்டு காட்டினால், கிடைக்கிறது. நாலு வருடமாக நாங்கள் காட்டிவந்த டாக்டர் ஒருமுறைகூட அதை எழுதித் தரவில்லை. இப்போது அவள் எடைக்கு எத்தனை முறை அடிக்க வேண்டும் என்று எழுதி வாங்கி, ஒன்று வீட்டிலும் ஒன்று பள்ளி டீச்சரிடமும் இருக்கிறது. எடை கூடினால் அளவும் மாறும், அதனால் ஒவ்வொரு தடவையும் கேளுங்கள். பக்கத்து ஆஸ்பத்திரிக்கு இப்போதே ஒரு நடை போய், ராத்திரியில் டாக்டர் இருப்பாரா, நரம்பு கிடைக்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுவிடுங்கள். பதில் சொல்லத் திணறினால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

அந்த நர்சிங் ஹோம் ஸ்கேனுக்கும் சேர்த்துப் பில் போட்டிருந்தது. எடுக்காத ஸ்கேன். சண்டை போட்டு அதைத் திருப்பி வாங்கினோம். என்ன சிகிச்சை கொடுத்தார்கள் என்று எழுதிய கேஸ் ஷீட்டை மட்டும் தரவில்லை. நோயாளி தரப்பில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சிலின் 2002 விதி. நான் எழுதிக் கொடுத்து இன்றோடு பதினோரு நாள்.