கோங்கார்னோ, கமாரே, துவார்னெனே: பிரிட்டானியில் எந்த மீனவ ஊருக்குப் போவது?

பிரான்சின் மேற்கு முனையான பிரிட்டானியில் பழைய மீனவ ஊர் ஒன்றைப் பார்க்க ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால், பலரும் கைகாட்டுவது கோங்கார்னோவைத்தான். துறைமுகத்தின் நடுவே தீவாக நிற்கும் மதில் நகரம், உள்ளே மீன்பிடி அருங்காட்சியகம் என்று கண்ணுக்கு நிறைவான ஊர். மத்தி மீன் வராமல் மீனவக் குடும்பங்கள் தவித்தபோது உதவி திரட்ட 1905-இல் தொடங்கிய 'நீல வலை' திருவிழா இன்றும் ஆகஸ்டில் நடக்கிறது. ஆனால் கோடையில் அந்தக் குறுகிய தெருவில் நினைவுப்பொருள் கடைகளையும் ஐஸ்கிரீம் வரிசையையும் தாண்டித்தான் மதிலையே பார்க்க முடியும்.

கமாரே இதற்கு நேர் எதிர். கடலுக்குள் நீளும் கல்திட்டில் கோட்டைப் பொறியாளர் வோபான் கட்டிய செந்நிறக் கோபுரம் நிற்கிறது. 1694-இல் ஆங்கிலேய, டச்சுப் படை கரையிறங்க முயன்று தோற்ற இடம் இது. கோபுரம் 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பக்கத்துத் தேவாலயத்தில் நேர்த்திக்கடனாகச் செலுத்திய சின்னஞ்சிறு மரக்கப்பல்கள் கூரையிலிருந்து தொங்குகின்றன. வெளியே, சிங்கி இறால் தேடி ஆப்பிரிக்கக் கரைவரை கப்பல்கள் போன காலத்தை நினைவூட்டும் பழைய படகுகள் பலகை பெயர்ந்து, விலா எலும்பு தெரியக் கிடக்கின்றன. புகைப்படக்காரர்களுக்கு விருந்து, ஆனால் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

என் ஓட்டு துவார்னெனேவுக்கு. முதல் பார்வைக்கு மூன்றிலும் அழகு குறைந்த ஊர் இதுதான். ஆனால் பிளோமார்க் சரிவில் ரோமானியர் மீனையும் உப்பையும் ஊறவைத்துச் சாறு எடுத்த கல்தொட்டிகளை இன்றும் பார்க்கலாம். 1853-இல் தொடங்கிய ஷான்செரெல் நிறுவனம் இன்னும் மத்தியை டப்பாவில் அடைக்கிறது. 1924 நவம்பரில் இங்கேதான் மத்தி ஆலைப் பெண்கள் வேலையை நிறுத்தினார்கள். மீன் எப்போது கரைசேர்ந்தாலும், நள்ளிரவானாலும், ஓடிவர வேண்டிய வேலை. மணிக்கு 80 சாந்தீம் கூலி (நூறு சாந்தீம் ஒரு பிராங்க்). ஒன்றேகால் பிராங்க் கேட்டு, ஆறு வாரத்துக்கும் மேல் தாக்குப்பிடித்து, ஒரு பிராங்க் வாங்கினார்கள். அவர்களில் ஒருவரான ஜோசஃபீன் பென்கலே 1925-இல் நகரசபைக்கே தேர்வானார். பெண்களுக்கு வாக்குரிமையே இல்லாத நாட்டில்! அந்தத் தேர்வை அரசு பிறகு ரத்து செய்துவிட்டது வேறு கதை. இதையெல்லாம் தெரிந்துகொண்டு துறைமுகத் தெருக்களில் நடந்தால் சாதாரணச் சுவர்கூடப் பேசுகிறது. மாவில் வெண்ணெயும் சர்க்கரையும் அடுக்கடுக்காய் வைத்துச் சுடும் க்வின்-அமான் என்ற கேக் பிறந்ததும் இவ்வூரில்தான். அடிப்பக்கம் பாகாய் இறுகி, பல்லில் ஒட்டும், சூடாகவே வாங்குங்கள்.

கேம்பேர் ரயில் நிலையத்திலிருந்து கோங்கார்னோவுக்கும் துவார்னெனேவுக்கும் பஸ்ஸில் போய்வருவது எளிது. கமாரே தூரம் அதிகம். வாடகைக் கார்தான் வசதி. வரலாறு வேண்டாம், மீன் இறங்குவதைப் பார்த்தால் போதும் என்பவர்கள் மூன்றையும் விட்டுவிட்டு, வார நாளில் மாலை நான்கு மணிக்குமேல் கில்வினெக் துறைமுகத்தில் போய் நிற்கலாம்.